முப்பத்தியோராம் டிராக்

‘நீள்வட்டம்’ படத்தின் முழுப் பின்னணி இசையும் வெளிவந்த வெள்ளிக்கிழமையன்று புஷ்ரா சந்தோஷமாக இருந்தது மொத்தம் நாலு மணி நேரம். காலை ஏழேகாலுக்கு ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, இயர்போனை மாட்டியதிலிருந்து ஆரம்பித்தது அந்தச் சந்தோஷம். பதினொன்றேகால் டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்து போனை எடுத்தபோது முடிந்துபோனது. படத்தின் ரசிகர்கள் சேர்ந்திருக்கும் குழுவில் அறுநூற்று முப்பது செய்திகள் வந்திருந்தன. முதல் ஐம்பதில் வாழ்த்தும் அழுகையும் இருந்தன. மீதியெல்லாம் சண்டை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு ஷூ ஃபேக்டரியில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். தைத்து வரும் ஷூ மேல்பாகங்களை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, தோலில் உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா, தையல் விலகியிருக்கிறதா, ஜோடியில் ஒன்று வெளுத்து ஒன்று கறுத்திருக்கிறதா என்று பார்க்கிற பன்னிரண்டு பெண்களுக்கு மேலாள். நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கால் கனக்கும், கண் எரியும். அதற்கப்புறம் குழுவின் வேலை ஆரம்பிக்கும். யார் யாரைத் திட்டினார்கள், எதை அழிக்க வேண்டும், யாரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று. “சம்பளம் குடுக்குற ஃபேக்டரில ஒரு ஷிப்டு, சம்பளம் இல்லாத ஃபேக்டரில ஒரு ஷிப்டு” என்பான் அவள் புருஷன் முஜாஹித். கேலிக்காகச் சொன்னாலும் அது உண்மையாகத்தான் இருந்தது.

குழுவை ஆரம்பித்தது அவள் இல்லை. வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் ஒவைஸ், அவளுடைய பெரியம்மா மகன், ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தான். பதினைந்து பேரோடு துவங்கி முன்னூற்று நாற்பதாக ஆனதும், “நீதான் பொறுமைசாலி, நீ பாத்துக்க” என்று அட்மின் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு, தான் சண்டை போடப் போய்விட்டான்.

படம் வந்தது இரண்டாயிரத்து ஒன்றில். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்கலத்தில் ஒரு பெண் இன்ஜினியர் தனியாக மாட்டிக்கொள்கிற கதை. ஆம்பூரில் ஒன்பது நாள் ஓடியது. பதினாலு வயதில் புஷ்ரா அதைப் பெரியம்மாவோடும் ஒவைஸோடும் போய்ப் பார்த்தாள். தியேட்டரில் இருந்த நாற்பது பேரில் பத்துப் பேர் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார்கள். படம் ஓடவில்லையே தவிர, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்களில் சிலரை அது விடவே இல்லை. அதற்குக் காரணம் இசைதான். கேசட்டில் மூன்று பாட்டு மட்டும் வந்தது. பின்னணி இசை வேண்டுமென்றால் படத்தின் டிவிடியிலிருந்து, வசனத்தோடும் இன்ஜின் சத்தத்தோடும் சேர்த்து வெட்டி எடுத்துத்தான் கேட்க வேண்டும். இசையமைப்பாளர் எட்வின் பாக்யம் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மகன் பழைய டேப்புகளைத் தேடியெடுத்து, சுத்தம் செய்து, ஒரு கம்பெனி மூலமாக ஐம்பத்தெட்டு டிராக்குகளாக இப்போது வெளியிட்டிருந்தார்.

சண்டை முப்பத்தியோராம் டிராக்கில் வந்தது.

கலத்தின் ஜன்னல் வழியாகக் கதாநாயகி பார்க்கிறாள். பூமி நகத்தளவு சிறுத்து, இருட்டுக்குள் போய்விடுகிறது. வசனமே இல்லாத இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. பாதிக்கு மேல் வயலின்களுக்கு நடுவிலிருந்து ‘ஆ’ என்று ஒன்று மெல்ல எழும்பி, மேலே போய், நடுங்கி, அடங்கும். அது ஒரு பெண்ணின் குரல் என்றுதான் இருபத்து நாலு வருஷமாகப் பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். இப்போது தொகுப்போடு வந்த விவரப் பட்டியலில் ஒவ்வொரு டிராக்குக்கும் வாசித்தவர்களின் பெயர் இருந்தது. முப்பத்தியொன்றுக்கு நாலு வயலின், ஒரு செல்லோ, கீபோர்டு. பாடகி என்று யாருமில்லை.

ஜெயப்பிரகாஷ்தான் முதலில் குதித்தான். பாகாயத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். ஒவைஸுக்குப் பத்து வருஷ தோஸ்த். அந்த டிராக்கை அவனளவுக்குக் கேட்டவர் குழுவில் யாரும் இல்லை.

‘இது முழுத் தொகுப்பு இல்ல, வெட்டு. குரல தூக்கிட்டு கீபோர்ட சொருகியிருக்கானுங்க’ என்று அவன் எழுதினான்.

‘குரல்னு ஒண்ணு இருந்தாத்தான தூக்குறதுக்கு? அன்னிக்கும் அது கீபோர்டுதான். நான் சொன்னா எவன் கேட்டான்’ என்று ஒவைஸ் எழுதினான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சென்னையிலிருந்து ஒருவர் ஒலியலையைப் படமாகப் போட்டு, இது மனுஷக் குரல்தான் என்றார். சிங்கப்பூரிலிருந்து இன்னொருவர் அதே படத்தை வைத்து, மனுஷக் குரலாக இருக்கவே முடியாது என்றார். ஒருவர் பதினாலு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். நடுவில் யாரோ ஒருவர், மீதி ஐம்பத்தேழு டிராக்கும் எவ்வளவு அருமையாக இருக்கிறது என்று சொல்லப் போய், விஷயம் தெரியாதவர் என்று திட்டு வாங்கிக்கொண்டு குழுவைவிட்டே போனார். புஷ்ரா அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது டிராக்குகளைக் கேட்கவில்லை. செய்திகளை அழித்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அது நடந்தது. கேண்டீனில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். ஒவைஸ் ஏதோ கிண்டலாக எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஜெயப்பிரகாஷின் பதில் இருந்தது.

‘தோல் ஷாப்பு நாத்தத்துலயே பொறந்து வளந்தவனுக்கு மூக்கு மட்டும்தான் செத்துப்போவும்னு நெனச்சேன். காதும் செத்துடும் போல.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, துப்பட்டாவின் நுனியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டோமே என்று உடனே தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் குழுவில் பாதிப்பேர், தோல் பதனிடும் ஷாப்புகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்கள். கல்யாணத்துக்குப் போகும் முன் கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவுகிறவர்கள். வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பினால், அது தன்னால்தானோ என்று நினைக்கிறவர்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள்.

ஒவைஸ் போன் செய்தான். வீட்டில் பேசுகிற உருதுவில்தான் பேசினான், ஆனால் குரல் வீட்டுக் குரலாக இல்லை.

“அவன தூக்கு.”

“பாய்ஜான், கொஞ்சம் பொறு.”

“இன்னா பொறுக்குறது? எங்க அப்பா நாப்பது வருஷம் அந்த ஷாப்புல நின்னாரு. அவன் எங்க வீட்டுல எத்தன பெருநாளுக்குச் சாப்பிட்டிருக்கான் தெரியுமா? அப்பல்லாம் அவனுக்கு நாறலியா?”

குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டினாள். அடுத்த அறிவிப்பு வரும்வரை யாரும் எழுத முடியாது என்று அறிவித்தாள். பிறகு ஜெயப்பிரகாஷுக்குப் போன் செய்தாள்.

“ஜேபி அண்ணா, இன்னா எழுதியிருக்கீங்க நீங்க? நானும் அந்த நாத்தத்துலதான் நின்னுட்டு இருக்கேன்.”

எதிர்ப்பக்கம் லேபில் ஏதோ மெஷின் சுற்றுவது கேட்டது.

“உங்கள சொல்லல, சிஸ்டர்.”

“பேர் போடாம எல்லாரையும்தான் சொல்லியிருக்கீங்க.”

“அவன் நேத்துலருந்து என்னை லூசுன்றான். ஒரு பொம்பள அங்க உக்காந்து பாடியிருக்கா, சிஸ்டர். எனக்குத் தெரியும். அவள இல்லவே இல்லன்னா எப்படி?”

மன்னிப்பு கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. மணி அடித்துவிட்டது, சாதம் அப்படியே இருந்தது. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை பூங்குழலியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. திமிரியில் பள்ளிக்கூட டீச்சர். குழுவில் இருந்தும் அதிகம் பேசாதவள். ‘அக்கா, எங்க தெருவுல சம்பூர்ணம்னு ஒருத்தங்க இருக்காங்க. எங்க ஸ்கூல் சத்துணவுல சமைக்கிறாங்க. முன்னாடி மெட்ராஸ்ல பன்னெண்டு வருஷம் கோரஸ் பாடினவங்க. எட்வின் சாருக்கு ஒரு ராக்கெட் படத்துல பாடினேன்னு ஒரு தடவை சொன்னாங்க. நம்ம படமா இருக்குமோன்னு இப்பதான் தோணுச்சு. கேக்கலாமா?’

‘கேளு’ என்று புஷ்ரா பதில் அனுப்பினாள். உண்மை தெரிந்தே ஆக வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு அப்போது இல்லை. இது எப்படியாவது ஒரு முடிவுக்கு வந்தால் போதும் என்றுதான் இருந்தது. இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை திமிரிக்குப் போகிறோம், அந்த அம்மா என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு, வராதவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவேன். இரண்டு பேருமே, தான் ஜெயிக்கப் போகிறோம் என்ற நம்பிக்கையில் வரச் சம்மதித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒவைஸ் காரில் வந்து ஆம்பூரில் அவளை ஏற்றிக்கொண்டான். பாகாயம் பஸ் ஸ்டாப்பில் ஜெயப்பிரகாஷ், தோளில் லேப்டாப் பையும் கழுத்தில் பெரிய ஹெட்போனுமாக நின்றுகொண்டிருந்தான். பின்கதவைத் திறந்தான். புஷ்ரா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினான்.

“முன்னாடி உக்காருங்கண்ணா” என்றாள்.

அவன் உட்கார்ந்தான். வேலூரைத் தாண்டும்வரை இரண்டு பேரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பத்து வருஷமாக இதே காரில், இதே சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் தாளம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள்.

“சிஸ்டர், ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்களேன்.”

“பக்கத்துலதான இருக்காரு. நீங்களே சொல்லுங்க.”

அவன் சொல்லவில்லை. ஒவைஸ் கையை நீட்டி ஏசியைக் குறைத்தான். ஆற்காட்டில் வண்டியை நிறுத்தி ஒரு டப்பா மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, திமிரி ரோட்டில் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லைகள், நடுநடுவே செங்கல் சூளைகள். புஷ்ரா கண்ணை மூடிக்கொண்டாள். வாரத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. துவைக்கிற துணி வீட்டில் அப்படியே கிடந்தது.

சம்பூர்ணத்துக்கு அறுபது வயதிருக்கும். சின்ன தளம் போட்ட வீடு. கூடத்தில் ஃபேனுக்குக் கீழே ஒரு ஸ்டூலில் காலை நீட்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். பூங்குழலி ஓடி வந்து தோளைப் பிடித்து உட்காரவைத்து, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டாள்.

“அவ்ளோ தூரத்துலருந்தா வந்தீங்க? இதுக்கா?” என்று கேட்டார் சம்பூர்ணம். கேலி எதுவும் இல்லை. நிஜமாகவே ஆச்சரியம்தான்.

ஜெயப்பிரகாஷ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். “அம்மா, நீள்வட்டம் படத்துல நீங்க பாடினீங்களா?”

“படத்துப் பேரெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க, தம்பி. காலையில ஒரு படம், மத்தியானம் ஒரு படம். போவோம், பேப்பர் குடுப்பாங்க, பாடுவோம், அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடுவோம். எட்வின் சார்கிட்ட ராக்கெட் படம் ஒண்ணு பாடினோம். அது ஞாபகம் இருக்கு. ஏன்னா, ‘மூச்சு விடுற சத்தம் கேக்கக் கூடாதும்மா, அங்க காத்தே கெடையாது’ன்னு சொன்னாரு. எங்களுக்குச் சிரிப்பு தாங்கல.”

“நீங்க படத்த பாக்கலியா?” என்று புஷ்ரா கேட்டாள். தேவையில்லாத கேள்விதான், வாயில் வந்துவிட்டது.

“எங்கம்மா பாக்குறது? எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னே தெரியாது.”

ஜெயப்பிரகாஷ் லேப்டாப்பைத் திறந்தான். ஒவைஸ் தன் போனை எடுத்தான். முதலில் படத்தின் டிவிடியில் இருப்பது, பிறகு புதுத் தொகுப்பில் இருப்பது. இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டார்கள். சம்பூர்ணம் தலையைக் குனிந்து கேட்டார். தெருவில் ஒரு மொபெட் போனது. பூமி மறைகிற இடம் வந்ததும் ஜெயப்பிரகாஷ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இது நீங்கதானம்மா?” என்றான், அந்த ‘ஆ’ எழும்பியபோது.

சம்பூர்ணம் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். “இன்னொரு தபா போடு. காதுல மாட்டுறது குடு.”

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தான். அவர் மாட்டிக்கொண்டார். அது நழுவியது, பூங்குழலி பிடித்துக்கொண்டாள். இப்போது மற்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்தான். ஒரு நிமிஷம் போயிருக்கும். சம்பூர்ணம் மெதுவாக வாயைத் திறந்தார். பாட்டென்று சொல்ல முடியாது, அடித்தொண்டையில் ஒரு முனகல். குரல் கரகரத்தது, நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் அது இவர்களுக்குத் தெரிந்த அந்த மெட்டு இல்லை. மேலே போகவில்லை. கீழேயே, ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று, இரண்டே இரண்டு தடவை மட்டும் இறங்கியது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “மேல கேக்குது பாரு, அது கீபோர்டு, தம்பி. அத ஒருத்தரு தனியா வாசிச்சாரு. நாங்க அதுக்குக் கீழ. நாலு பேரு, ஒரே மைக்கு. மெத்த மாதிரி விரிச்சு வெக்கணும்மா, யாரும் தனியா தெரியக் கூடாதுன்னாரு. தெரியல இல்ல?”

ஒவைஸ் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கேட்டான். திரும்பவும் கேட்டான். அவன் சொன்னது ஜெயித்திருந்தது, அது கீபோர்டுதான். ஆனால் அவன் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை.

“இருக்கு. செல்லோன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஆயிரம் தபா கேட்டிருப்பேன்” என்றான்.

ஹெட்போனை அவன் புஷ்ராவிடம் கொடுத்தான். அவளும் கேட்டாள். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு அதைத் தவற விடவே முடியவில்லை. செல்லோவுக்கும் கீழே, மூச்சே விடாமல், நாலு பெண்கள்.

ஜெயப்பிரகாஷ் கேட்கவில்லை. லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்து நாலு வருஷமாக ஒரு பெண் தனியாக அழுகிறாள் என்று அவன் நம்பிக் கேட்டது, யாரோ ஒரு ஆள் விரலால் அமுக்கியது. பெண்கள் இருந்தார்கள். அவர்களை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

புஷ்ராவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து அவளை இன்னும் களைப்பாக்கின. பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னாள்: “அம்மா, கம்பெனிக்கு நான் எழுதிப் போடுறேன். அந்த லிஸ்ட்ல உங்க பேரு வரணும்.”

சம்பூர்ணம் பேடா டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். “எம்பேரு மட்டுமா?”

“நாலு பேரோடதும்.”

“ஒண்ணு நானு. இன்னொன்னு மேரின்னு சாந்தோம் பொண்ணு, அவ செத்துட்டா. மத்த ரெண்டு பேரு…” அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். “ஒருத்தி மல்லிப்பூ வெச்சிட்டு வருவா, எனக்குத் தும்மல் வரும். மூஞ்சி நல்லா தெரியுது. பேரு வரல, பாப்பா. தெனம் ஒரே பஸ்ஸுல போனவங்க.”

“உங்க பேர மட்டுமாவது போடச் சொல்றோம்மா” என்றான் ஒவைஸ்.

“வேணாம், தம்பி. நாலு பேரு பாடினத நான் ஒருத்தி பாடினேன்னு ஆயிடும். அதுங்க எங்கயாச்சும் இருந்து பாத்தா இன்னா நெனைக்கும்?” டப்பாவை மூடினார். “நாளைக்குத் திங்கட்கெழம. நானூறு புள்ளைங்களுக்குச் சமைக்கணும். கால் கொஞ்சம் நீட்டிக்கிறேன், தப்பா நெனைக்காதீங்க.”

போகச் சொல்கிறார் என்று புரிந்தது. கிளம்பினார்கள்.

ஆற்காட்டைத் தாண்டி ஆற்றை ஒட்டிப் போகும்போதுதான் ஜெயப்பிரகாஷ் வாயைத் திறந்தான். பாலாற்றில் மணலும் கருவேலமும்தான் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஒவைஸு. அன்னிக்கு எழுதினது தப்பு. அழிச்சிடுறேன்.”

“அழி. முன்னூறு பேரு படிச்சிட்டாங்க” என்றான் ஒவைஸ்.

“உங்க வீட்டுல சாப்பிட்டவன்தான் நானு. எனக்கே தெரியல, எப்படி எழுதினேன்னு. சிஸ்டர், உங்ககிட்டயும்தான்.”

புஷ்ரா, பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த ஐந்து வருஷமும் ஓடியிருந்தது. “கேட்டுட்டீங்க, சரி. எனக்கு கொஞ்ச நாள் ஆவும்ணா” என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் ஒவைஸ் சொன்னான்: “நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன். ஆனா வழியில எறக்கி விடல, பாத்தியா.” ஜெயப்பிரகாஷ் தலையாட்டினான். பாகாயத்தில் இறங்கும்போது, போய்ட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஒவைஸ் ஹாரனை ஒரு தடவை தட்டினான்.

அன்று சாயங்காலமே புஷ்ரா குழுவைத் திறந்து, நடந்ததை நடந்தபடி எழுதினாள். மேலே கேட்பது கீபோர்டு, கீழே நாலு பெண்கள், அதில் ஒருவரைப் பார்த்தோம், அவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சம்பூர்ணம் என்கிற பெயரையும் திமிரி என்கிற ஊரையும் எழுதவில்லை. அதற்குக் கீழே ஜெயப்பிரகாஷ் எல்லோரிடமும் மன்னிப்பு கேட்டு நாலு வரி எழுதினான். கொஞ்சம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். பேரணாம்பட்டுக்காரர்கள் ஆறு பேர் ஏற்றுக்கொள்ளாமல் வெளியே போனார்கள். அவர்களை அவள் தடுக்கவில்லை.

கீழே இருக்கும் குரல் கேட்கிறது, உடம்பு சிலிர்க்கிறது என்று இருபது பேர் எழுதினார்கள். ஒன்றுமே கேட்கவில்லை, கட்டுக்கதை என்று பத்துப் பேர் எழுதினார்கள். ‘ஆதாரம் எங்கே? ஆடியோ ரெக்கார்டு பண்ணீங்களா?’ என்று சிங்கப்பூர்க்காரர் கேட்டார். பண்ணவில்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது யாருக்குமே அது தோன்றவில்லை. கம்பெனிக்கும், பெயரில்லாமல் ‘கோரஸ்: நாலு பெண்கள்’ என்று மட்டுமாவது சேர்க்கும்படி ஒரு மெயில் போட்டாள். ஒன்பது நாள் கழித்து, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, உரிய ஆவணங்களை இணைத்து அனுப்பவும் என்று பதில் வந்தது. அவளிடம் இணைப்பதற்கு ஒன்றும் இல்லை.

அதற்குள் குழு நாற்பத்து நாலாம் டிராக்குக்குப் போயிருந்தது. அதில் மிருதங்கம் வலது பக்கம் கேட்க வேண்டுமா, இடது பக்கம் கேட்க வேண்டுமா என்பது பிரச்சினை. ஒவைஸ் வலது. ஜெயப்பிரகாஷ் இடது. ஆனால் இந்தத் தடவை ஒருவருக்கொருவர் ‘நீங்க’ போட்டு எழுதிக்கொண்டார்கள். புஷ்ராவுக்கு அதைப் படிக்கும்போது, திட்டிக்கொண்டாலே தேவலை போலிருந்தது.

பூங்குழலிக்குப் போன் செய்தாள். “அட்மின் நீ எடுத்துக்கிறியா? எனக்கு முடியல.”

“ஏங்கா, கோவமா?”

“கோவம் இல்லமா. பேஜாரா இருக்கு. பாட்டு கேக்கணும்னு சேந்தேன். ஐம்பத்தெட்டுல இன்னும் பதினாறு டிராக் நான் கேக்கவே இல்ல, தெரியுமா உனக்கு?”

பூங்குழலி ஒத்துக்கொண்டாள். பொறுப்பை மாற்ற இரண்டு பொத்தானை அழுத்தினால் போதுமாக இருந்தது. இவ்வளவு சுலபமா என்று புஷ்ராவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், கேண்டீனில், ஜெயப்பிரகாஷிடமிருந்து அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. நீளமாக எழுதியிருந்தான்.

‘சிஸ்டர், நேத்து திமிரிக்குப் போயிருந்தேன். அந்த அம்மா படமே பாக்கலன்னு சொன்னாங்க இல்ல, அதான் லேப்டாப்புல போட்டுக் காட்டலாம்னு. ஒவைஸும் வந்தான், நான் கூப்பிடல, அவனா வர்றேன்னான். அம்மா கால நீட்டிக்கிட்டு நல்லாத்தான் பாத்தாங்க. அந்தப் பொண்ணு எதுக்கு அங்க தனியா போச்சுன்னு ரெண்டு தபா கேட்டாங்க. இன்டர்வெல்லுக்கு முன்னாடியே தூங்கிட்டாங்க. அந்த எடம் வந்தப்போ எழுப்பலாமான்னு ஒவைஸ் கேட்டான். நல்லா அசந்து தூங்குனாங்க, சிஸ்டர். எழுப்பல. சத்தத்தக் கொறச்சிட்டு நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வந்துட்டோம்.’

புஷ்ரா அதை முழுக்கப் படித்தாள். பதில் எழுத நினைத்து ‘நல்லது பண்ணீங்கண்ணா’ என்று தட்டி அனுப்பினாள். மணி அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, இதுவரை கேட்காத டிராக்குகளில் ஒன்றைப் போட்டாள். மேஜையில் கையை மடித்து, அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.